ஏழாம் மாத வயிறு

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நர்மதா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்க எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை. மேக்கப் என்று சொன்னால் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய எவ்வளவு வாங்குகிறாள் என்கிறார்கள். விக் கட்டுகிறவள் என்று சொன்னால் முன்மண்டை வழுக்கையான கொழுந்தனாரை மறுநாளே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சினிமாவுக்கும் சீரியலுக்கும் வெட்டுக்காயம், தீக்காயம், கிழவன் முகம், பிறந்த குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி வயிறு எல்லாம் செய்து கொடுக்கிறவள் என்று முழுதாகச் சொன்னால், என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அளவு ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் கீழே முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பின்தெருவில் டெய்லர் அஃபீபா என்றால் தெரியாதவர்கள் கிடையாது. வாடிக்கையை இழக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் இப்போதெல்லாம் "கலைத் தொழில்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கத் திரும்பிக்கொள்கிறேன்.

சினிமா எனக்கு ஆகாது. இருட்டில் உட்கார்ந்து அடுத்தவர் அழுவதைப் பார்க்கிற நேரத்தில் நாலு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துவிடலாம் என்று நினைக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் இவள் குடிவந்தாள். வந்த புதிதில் ஒரு நாள் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். என் புடவைக்கும் தலையணை உறைக்கும் நடுவே நாலைந்து பேர் தலைமுடி முழுசாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கூடையை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினேன். அவள் பின்னாலேயே ஓடிவந்து, "ஷாம்பு போட்டு அலசிக் காயப்போட்டிருக்குதுங்க்கா, ஒண்ணும் பண்ணாது" என்றாள். கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

அவளுக்கும் சிரிக்கத் தெரியும். சங்ககிரிக் கோட்டையில் நடந்த ஒரு படப்பிடிப்புக்கு, வெட்டுப்பட்ட கை ஒன்றைச் செய்து துணிப்பையில் வைத்து பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனாளாம். சில்லறைக்காகப் பையைத் துழாவும்போது அந்தக் கையின் விரல்கள் வெளியே எட்டிப் பார்த்திருக்கின்றன. பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து பின்னால் போய்விட்டாள். கண்டக்டர் மட்டும் குனிந்து பார்த்து, "இதுக்கும் லக்கேஜ் போடோணுங்களா?" என்று கேட்டாராம். இதை எத்தனை முறை சொன்னாலும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வாள்.

சொந்த ஊர் ராசிபுரம், தறிக்காரக் குடும்பம். விக்குக்காக வலைத் துணியில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் இழுத்து முடிச்சுப் போடுகிற வேகத்தைப் பார்த்து, "ரத்தத்திலேயே இருக்குது உனக்கு" என்று ஒரு முறை சொன்னேன். "நான் தறியில உக்காந்ததே இல்லீங்க்கா. எங்கப்பா என்னைய அந்தப் பக்கமே உட மாட்டாரு" என்று என் பெரிய கண்டுபிடிப்பை ஒரே பேச்சில் கவிழ்த்தாள். காலேஜ் முடித்து, இங்கே ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்த்து, பிறகு சென்னைக்குப் போய் இந்த வித்தையைப் படித்திருக்கிறாள். வாழ்க்கைப்பட்டது குமாரபாளையத்தில். வீட்டுக்காரர் கந்தவேல் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். காலையில் பைக்கில் போனால் இருட்டித்தான் வருவார். பேச்சு குறைவு, நல்ல மனுஷன்.

எனக்கு அவளுடைய தொழிலில் பங்கு வந்தது வயிற்றால். பிள்ளைத்தாய்ச்சி வயிறு என்றால் தலையணையை வைத்துக் கட்டுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் ஒரு நாள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் கட்டிங் மேஜைமேல் வைத்தாள். குனிந்து பார்த்தேன். நான் இரண்டு பெற்றவள். எந்த மாதத்தில் தொப்புள் வெளியே தள்ளும், எங்கே பச்சை நரம்பு தெரியும், அடிவயிற்றுத் தோல் எப்படி வரிவரியாக விரியும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் அதில் இருந்தது. களிமண்ணில் வடித்து, அச்சு எடுத்து, சிலிக்கான் ஊற்றி, மேலே தோல்நிறம் ஏற்றியிருந்தாள். அதை உடம்போடு பிடித்து நிறுத்த உள்ளே ஒரு துணிச்சட்டை வேண்டும், அதைத் தைத்துத் தரச் சொன்னாள். ஜிப் வைத்தால் ஜாக்கெட்டுக்கு மேல் வரி தெரியுமாம், கேமரா காட்டிக் கொடுத்துவிடுமாம். அதனால் முதுகில் வரிசையாகக் கொக்கிகள். அன்று முதல் அவள் செய்த எல்லா வயிற்றுக்கும் சட்டை என் தையல்தான்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்தத் தொழிலில் மற்றவர்கள் வயிற்றைப் பொம்மைக்குக் கட்டிப் பார்த்து அனுப்பிவிடுவார்களாம். இவள் தானே அரைநாள் போட்டுப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்ப மாட்டாள். அதோடு உட்காருவாள், குனிந்து பெருக்குவாள், படி ஏறி இறங்குவாள். பட்டி எங்கே அறுக்கிறது, வேர்வையில் ஓரம் எங்கே கிளம்புகிறது, நடக்கும்போது சத்தம் வருகிறதா என்று எல்லாம் பார்த்துக்கொள்வாள். முதுகுக் கொக்கி அவள் கைக்கு எட்டாது. மாட்டுவதும் கழட்டுவதும் என் வேலை. யாராவது, "இது எத்தன மாசம்?" என்று கேட்டால், வேலையைவிட்டு நிமிராமல், "அஞ்சு," "ஒம்பது" என்று பதில் வரும். அவளுக்கு வயிறுகள் எல்லாம் மாதக் கணக்கில்தான்.

முதலில் போட்டபோது ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டவள் மாதிரி நடந்தாள். போகப் போக, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். "நடிக்கிறியா?" என்று கேட்டேன். "இல்லீங்க்கா, வெயிட்டுக்குத் தானா வருது" என்றாள். அப்புறம் நான் கவனித்தது வேறு ஒன்று. வேலை முடிந்த பிறகும் கழட்ட வர மாட்டாள். நானே மாடிக்குப் போய்க் கேட்டால், "இன்னுங் கொஞ்ச நேரம் பாக்கலாமுங்க்கா, பட்டி ஒரு பக்கமா இழுக்குது" என்பாள். பட்டி இழுக்கவில்லை. நான் தைத்த பட்டி, எனக்குத் தெரியாதா. ஆனாலும் சரி என்று இறங்கி வந்துவிடுவேன்.

பிரசவக் காட்சிக்காகப் பிறந்த குழந்தையும் செய்வாள். அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, தலைக்குக் கீழே கை கொடுத்துத்தான் தூக்குவாள். படப்பிடிப்பு ஆள் ஒருவன் அதைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பைக்குள் போட்டதைப் பார்த்து அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. "பொம்மைதானேடி" என்றேன். "தெரியுதுங்க்கா" என்றாள்.

அவளுக்கு ஒரு தடவை கரு தங்கியிருக்கிறது. கல்யாணமான மறுவருஷம், குமாரபாளையத்தில் மாமியார் நல்லம்மாளோடு இருந்தபோது. மூன்று மாதம் முடியும் முன்பே நல்லம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. வாழ்த்த வந்த பெண்களே துக்கமும் கேட்க வந்தார்கள். எங்கே தப்பு, எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று அவளை நடுவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நல்லம்மாள் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டவர் உள்ளே வரவே இல்லை. அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இவளும் வீட்டுக்காரரும் சேலத்துக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி பார்த்தார்கள். ஊசி போட்டுப் போட்டு அவள் உடம்பு வீங்கிப்போனதைப் பார்த்துவிட்டு, "போதும் உட்டுரு" என்று கந்தவேல் சொன்னார். இவளும் தலையாட்டினாள்.

ஆட்டினாளே தவிர மனசு விடவில்லை. நகக்கண்ணில் ஒட்டிய களிமண்ணைக் கிளறிக்கொண்டே ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "குழந்தைக்கு ஏங்குறது ஒரு பக்கம் இருக்குதுங்க்கா. அது இருந்துட்டுப் போவுது. அத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போச்சேன்னு எங்கூட உக்காந்து ஒரு தடவ அழுதிருந்தாக்கூடப் போதும். எல்லாரும் என்னைய ஏதோ ஒடச்சுப்போட்டவ மாதிரி பாத்தாங்க. அத்தையும் அப்படித்தான் நெனைக்கறாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க்கா." எனக்கு அந்த நல்லம்மாள்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. பண்டிகைக்கு அவர் வந்தால் வாங்க என்று சொல்வேன், அதற்குமேல் பேச மாட்டேன்.

போன வருஷம் வெயில் காலத்தில் சீரியல்காரர்கள் ஏழாம் மாத வயிறு கேட்டார்கள். கதாநாயகி அந்த வயிற்றோடு பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற காட்சியாம். வயிறு குலுங்கவும் கூடாது, கல்மாதிரி நிற்கவும் கூடாது. நர்மதா அதற்காக உயிரைக் கொடுத்துச் செய்தாள். எனக்குத் தெரிந்து அவள் செய்ததிலேயே அதுதான் நல்ல வயிறு.

காலையில் நான் கொக்கி மாட்டிவிட்டேன். மேலே நூல் சேலை கட்டிக்கொண்டாள். சிலிக்கான் போட்டதும் சில்லென்று இருக்கும், ஒரு மணி நேரம் போனால் உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதற்குமேல் தன் தோல் எது, அது எது என்று போட்டிருப்பவளுக்கே தெரியாதாம். மாடிப்படியில் ஓடி ஏறினாள், ஓடி இறங்கினாள். பிறகு சத்தம் அடங்கியது. மேலே சமையல் வாசனை வந்தது. அதோடேயே சமைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் போல கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றது. "நர்மதா" என்று ஒரு குரல். மாடியிலிருந்து, "வாரேனுங்க அத்தை" என்று இவள் பதில் சொன்னதும், படியில் தடதடவென்று இறங்கியதும் எனக்குக் கேட்டது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிற ஆள்கள் உண்டே, அந்தக் கதைதான். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. கேட்டைத் திறந்துவிட்டு, பையை வாங்கக் கையை நீட்டினாள். நல்லம்மாளின் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வாசலுக்கு வந்துவிட்டேன்.

நல்லம்மாள் பையைக் கீழே வைத்தார். கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், டாக்டர் பார்க்கச் சாயங்காலம் ஆகும் என்றதால் மகன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். அந்த விவரம் எல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தன மாசம், சாமி?"

"ஏழுங்க அத்தை" என்றாள் நர்மதா.

தொழில் வாய் அது. எந்த நேரத்தில் யார் கேட்டாலும் சொல்லிப் பழகியது. சொன்ன பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய்க்குப் பேர்போனவள் நான், அன்றைக்கு அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நல்லம்மாள் அவள் கையைப் பிடித்து என் கடைக்குள் கூட்டிவந்து, துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தார். அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், எப்படி அப்படி உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லாம இருந்தது நல்லதுங் கண்ணு" என்றார். "எனக்கு அதுல வருத்தமே இல்ல. அன்னைக்கு நாந்தான் வாய அடக்காம ஊரெல்லாம் சொன்னேன். மூணு மாசம் பொறுக்க முடியல எனக்கு. அத்தன சந்தோசம். அப்பறம் அப்படி ஆனதும், எம் வாயாலதான் போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்கிட்ட வந்து எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது? கொல்லையில நின்னு அழுதேன் சாமி. உள்ள அவளுக உன்னையக் கேள்வி கேக்கறது எனக்குக் கேட்டுச்சு. வந்து தொரத்தியிருக்கோணும். கால் வரல."

நர்மதா அழ ஆரம்பித்தாள்.

"அழுகாத. உள்ள இருக்கறதுக்கு ஆவாது. இந்தத் தடவ நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். எந் தங்கச்சிகிட்டகூடச் சொல்ல மாட்டேன். வளைகாப்புக் கட்டுச்சோறுக்கு உங்கம்மா ஊட்டுல எப்பக் கூப்பிடறாங்களோ அப்பச் சொல்லு, போதும்."

பேசப் பேச அந்தக் கை வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தது. எனக்கு மனசில் ஒன்றுதான் ஓடியது. அந்தக் கை படுவது அவளுக்குத் தெரியாது. அத்தனை வருஷம் ஏங்கின பேச்சு காதில் விழுகிறது, தொடுகிற கை உடம்புக்கு வந்து சேரவில்லை. இரண்டு விரல் கனத்துக்கு சிலிக்கான் நடுவில் கிடக்கிறது. யா அல்லாஹ், இப்படியும் ஒரு தண்டனையா என்று நினைத்தேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருந்தால் நான் தப்பு சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் அவள் இருக்கவில்லை. "அத்தை" என்று கூப்பிட்டு, நல்லம்மாளின் கையைப் பிடித்து, சேலை மடிப்புக்குள் விட்டு, வயிற்றின் ஓரம் விலாவில் முடிகிற இடத்தில் வைத்தாள். அந்த ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "இது வேலைங்க அத்தை. சீரியலுக்குச் செஞ்சது. போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க குரலக் கேட்டதும் மறந்துட்டு ஓடியாந்துட்டேன்."

நல்லம்மாள் கையை இழுத்துக்கொண்டார். அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"நீங்களும் பாத்துக்கிட்டேதான் நின்னீங்களா, டெய்லரம்மா?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது.

அவர் நர்மதா பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினாலும் நியாயம்தான். "கழட்டு" என்றார்.

"எனக்கு எட்டாதுங்க அத்தை. பின்னாடி கொக்கி."

நான் கழட்டிவிடக் காலை எடுத்து வைத்தேன். நல்லம்மாள் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். எழுந்து, அவளைத் திருப்பி நிறுத்தி, முந்தானையை விலக்கி, ஜாக்கெட்டுக்குக் கீழே நான் வைத்துத் தைத்த கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழட்டினார். என்னைவிட அவருக்கு நேரமானது. கடைசிக் கொக்கி விட்டதும் வயிறு கழன்று முன்னால் சரிந்தது. நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். கையில் வாங்கியபோது சூடாக இருந்தது.

உள்ளே அவள் வயிறு வேர்வையில் நனைந்து, போட்டிருந்த பவுடர் சேறாகி, பட்டி அழுத்திய இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. நல்லம்மாள் தன் முந்தானையை எடுத்து அதைத் துடைத்தார். வேர்வை போனபிறகும் துடைத்தார். பிறகு முந்தானையை விட்டுவிட்டு வெறும் கையை அங்கே வைத்தார். நர்மதாவின் வயிறு அந்தக் கைக்குக் கீழே ஒரு முறை நடுங்கியதை நான் பார்த்தேன்.

"நாஞ் சொன்னதெல்லாம் சொன்னதுதான் சாமி" என்றார் நல்லம்மாள். "அது இந்த வயித்துக்குத்தான் சொன்னேன்."

இருவரும் சேர்ந்து அழுதார்கள். நான் அந்த ஏழாம் மாத வயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். தலைக்குக் கை கொடுப்பதுபோல அடியில் ஒரு கையைக் கொடுத்திருந்தேன் என்று பிறகுதான் பார்த்தேன்.

அந்த வயிறு படப்பிடிப்புக்குப் போய்விட்டது. நர்மதா அதற்குப் பிறகும் வயிறுகள் செய்கிறாள், போட்டும் பார்க்கிறாள். ஏக்கம் போய்விட்டது என்று நான் சொன்னால் அது பொய். இப்போதும் நான் கழட்டப் போனால் சில நாள், "பட்டி இழுக்குது, இருக்கட்டுமுங்க்கா" என்பாள். நானும் இறங்கி வந்துவிடுகிறேன்.

சீரியலில் அந்தக் காட்சி வந்த அன்று, அவள் என் கடையில் உட்கார்ந்து ஒரு விக்கைச் சீவிக்கொண்டிருந்தாள். நல்லம்மாளிடமிருந்து போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். குமாரபாளையத்து வீட்டில் கூட்டம் கூடியிருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற மனுஷி, அந்த வயிறு எங்க மருமவளுது என்று சொல்லித் தெருவையே டிவி முன்னால் உட்கார வைத்திருக்கிறார். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். நர்மதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் நல்லம்மாளின் குரல் தாழ்ந்தது. மற்றவர்களை விட்டுத் தள்ளி வந்திருக்க வேண்டும்.

"நர்மதா, அந்தப் புள்ள வயித்தோட என்னமா ஓடறா. எனக்கு இங்க பதறுது. அடுத்தவாட்டி மெதுவா நடக்கச் சொல்லு சாமி. ஓடக்கூடாது."

நர்மதா சீப்பைக் கீழே வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கை தானாகப் போய் வயிற்றில் படிந்தது.

"சொல்றேனுங்க அத்தை" என்றாள்.